அஞ்சாவது பாட்டில்

டிரைவிங் டெஸ்ட் எடுக்கிறது என் வேலை. நாள் முழுக்க அடுத்தவன் ஓட்டுற வண்டியில, உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருந்து, "ஃபெயில்"னு சொல்லிட்டு இறங்குற பொழப்பு. அதனாலதான் என் தங்கச்சியும் அவ புருஷனும் பிரியறதுன்னு முடிவானதும் நடுவரா இருக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. "உனக்குத்தான் அக்கா ஈவு இரக்கமே கிடையாது"ன்னா தங்கச்சி. பாராட்டுறாளாம்.

ரெண்டு பேரும் சேர்ந்து வெளிநாட்டு ஒயின் மட்டும் விக்கிற கடை வெச்சிருக்காங்க. மெயின் ரோட்டுல, செருப்புக் கடைக்கும் சலூனுக்கும் நடுவுல. வண்டி, சோபா, மிக்ஸின்னு மத்த எல்லாத்தையும் சண்டை இல்லாமப் பிரிச்சாச்சு. கடையில வந்து முட்டிக்கிச்சு. ரெண்டு பேருக்குமே வேற தொழில் தெரியாது. வித்துட்டுப் பங்கு போட்டுக்கலாம்னு வக்கீல் சொன்னதுக்கு, ரெண்டு பேரும் ஒத்துமையா அவரைத் திட்டி அனுப்பிட்டாங்க. கடைசியா ஒத்துமையாச் செஞ்ச காரியம் அதுதான்.

அப்புறம் அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கடையில இருக்கிற வெள்ளை ஒயின்ல அஞ்சை நான் எடுக்கணும், லேபிள் தெரியாம மூடி ஊத்தணும். எந்த ஊருச் சரக்குன்னு யாரு அதிகமாச் சரியாச் சொல்றாங்களோ அவங்களுக்குக் கடை. தோத்தவங்க சாவியை மேஜையில வெச்சுட்டு வெளிய போயிடணும். படிச்சவங்க பண்ற வேலையா இது? ஆனா கேக்குறதுக்கு நான் யாரு, நான் நடுவர்.

"அப்படி என்னதான்டி பண்ணிட்டாரு?"ன்னு தங்கச்சியை முந்தியே கேட்டிருந்தேன்.

"ஒண்ணுமே பண்ணலக்கா. அதான் பிரச்சினை. அவருக்கு நான் ஒரு பொருட்டே இல்ல. பேச்சே கிடையாது. புது சென்ட் போட்டுக்கிட்டுப் பக்கத்துல போய் நின்னா, 'வழியை விடுங்க'ங்கிறாரு. ஒருநாள் பால் அடிப்பிடிச்சுப் போச்சு. வேணும்னே அதுலயே காப்பி போட்டுக் கொடுத்தேன், திட்டவாவது வாயைத் திறக்குறாரா பாப்போம்னு. குடிச்சுட்டு டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போயிட்டாரு. கட்டின பொண்டாட்டியோட சண்டை போடக்கூட இஷ்டமில்லாத மனுஷனோட எப்படிக்கா இருக்கிறது?"

மாப்பிள்ளைகிட்டயும் கேட்டேன். "அவ சொல்றது சரிதான்க்கா"ன்னாரு. அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஃபெயில் போட்டிருப்பேன்.

இத்தனைக்கும் காதலிச்சுக் கட்டிக்கிட்டதுங்க. ஒரே ஹோட்டல்ல வேலை பாத்தப்ப, இவரு ஒரு கிளாஸை மோந்து பாத்துட்டு, "மழை நனைச்ச கல்லு மாதிரி இருக்கு"ன்னு சொன்னாராம். இவ விழுந்துட்டா. ஆம்பளையோட மூக்கைப் பாத்து மயங்கினவ உலகத்துலயே என் தங்கச்சி ஒருத்திதான். கல்யாணத்துக்கு அப்புறமும் வாடா, போடின்னுதான் பேச்சு. பெரியவங்க திட்டியும் திருந்தல. இப்ப சண்டைன்னு வந்ததும் மரியாதை பொத்துக்கிட்டு ஊத்துது. நீங்க, வாங்க, சொல்லுங்க. பாக்கவே சகிக்கல.

கடைக்கு லீவு நாள், மத்தியானம். ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, கல்லாவுக்கு முன்னாடி ஒரு மேஜை போட்டு, எதிரும் புதிருமா உட்கார்ந்துட்டாங்க. ரெண்டு பேரோட சாவியும் மேஜை நடுவுல. துப்புறதுக்கு ஆளுக்கு ஒரு குவளை வேற. காசு போட்டு வாங்கினதை வாயில ஊத்திக் கொப்புளிச்சுத் துப்பணுமாம், இதுக்குப் பேரு ரசனை.

பின்னறையில தண்ணித் தொட்டி மேடையில அஞ்சு பாட்டிலை அடுக்கினேன். மூடறதுக்கு என் பையனோட ஃபுட்பால் சாக்ஸ் கொண்டு போயிருந்தேன். துவைச்சதுதான். ஓரளவுக்குத் துவைச்சது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒண்ணா கழுத்து வரைக்கும் இழுத்து மாட்டினேன். முதல் பாட்டிலை மேஜைக்குக் கொண்டு வந்ததுமே தங்கச்சி மூக்கைப் பொத்திக்கிட்டா.

"ஐயோ அக்கா, சாக்ஸ் நாறுது! இதை வெச்சுக்கிட்டு எப்படி மோந்து பாக்குறது?"

"எனக்கு ஒண்ணும் தொந்தரவில்ல"ன்னாரு மாப்பிள்ளை. நல்ல மனுஷன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனாலும் பாட்டிலைப் பின்னறையிலயே விட்டுட்டு, அங்கேயே ஊத்தி, கிளாஸை மட்டும் தட்டுல வெச்சுக் கொண்டு வந்தேன்.

முதல் கிளாஸ். தங்கச்சி மூக்கை உள்ள விட்டா. "பெட்ரோல் பங்க் வாசனை. அதுக்குப் பின்னாடி எலுமிச்சைத் தோல். ஜெர்மனி, ரீஸ்லிங் திராட்சை." பெட்ரோல் வாசனை அடிச்சா நாங்க வண்டியை நிறுத்திட்டு இறங்கி ஓடுவோம். இவங்க அதுக்கு விலை கூடப் போட்டு விக்கிறாங்க. மாப்பிள்ளை ஒரு வாய் வாங்கி, நாக்கைச் சுழட்டி, "லேசா இனிப்பு. நல்ல புளிப்பு. ஜெர்மனி"ன்னாரு. ரெண்டு பேருமே பாஸ்.

ரெண்டாவதுதான் தமாஷ். ஊத்தும்போதே எனக்கே வாசனை தூக்குச்சு, இத்தனைக்கும் நான் இந்தக் கருமத்தையெல்லாம் தொடறதே இல்ல. தங்கச்சி கிளாஸைக் கையில எடுக்கக்கூட இல்ல. "வெட்டின புல்லு. பூனை மூத்திரம். நியூசிலாந்து, சாவிஞ்ஞான் பிளாங்க். தெருவுல நின்னாலே சொல்லிடலாமே."

"பூனை மூத்திரமா? அதையா குடிக்கிறீங்க?"

"நல்ல விதத்துல சொல்றேன் அக்கா."

அதுல நல்ல விதம்னு ஒண்ணு இருக்காம். மாப்பிள்ளை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு, சுழட்டினாரு, குடிச்சாரு, துப்பினாரு, நெத்தியைச் சுருக்கினாரு. "தென்னாப்பிரிக்கா"ன்னாரு. தங்கச்சி நிமிந்து அவரைப் பாத்தா. "விளையாடுறீங்களா?"ன்னா. "லேசா சளி"ன்னாரு அவரு. சளின்னு சொன்னா நான் மார்க்கு போடுவேனா? ஃபெயில்.

மூணாவது, தங்க நிறத்துல கெட்டியா வழிஞ்சுது. ஆஸ்திரேலியா சார்டொனேன்னு ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க. நாலாவதுல மாப்பிள்ளைதான் முந்திக்கிட்டாரு. "ஒல்லியா, விறைப்பா, ஒட்டாம இருக்கு. பிரான்ஸ், ஷாப்ளி." சரிதான். தங்கச்சிக்கு அதுல கவனமே இல்ல. பூனையைத் தவற விட்ட மனுஷனையே பாத்துக்கிட்டு, ஏதோ வாயில வந்த ஊரைச் சொல்லித் தப்பு பண்ணிட்டா. "சாக்ஸ் வாடை மூக்குலயே நிக்குது"ன்னு என் மேல பழியைப் போட்டா.

ஆளுக்கு மூணு. அஞ்சாவதுல யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்குக் கடை. ரெண்டு பேரு மூஞ்சியிலயும் ஈ ஆடல. உள்ளுக்குள்ள எனக்கும் கலக்கமாத்தான் இருந்துச்சு. தங்கச்சி தோத்தா எங்க போவா? மாப்பிள்ளை தோத்தா அவருக்கு என்ன இருக்கு? காலையில ஷட்டரைத் தூக்கினா ராத்திரி இறக்குற வரைக்கும் இந்தப் பாட்டிலுங்களைத் துடைச்சுத் துடைச்சு அடுக்குறதுதான் அந்த மனுஷனோட வாழ்க்கை.

பின்னறைக்குப் போய் கடைசி சாக்ஸைப் பிடிச்சு ஊத்தினேன். குப்புன்னு ஒரு புளிச்ச நெடி. இது கொஞ்சம் ஓவராப் புளிக்குதேன்னு தோணுச்சு. ஆனா பூனை மூத்திரமே ஒசத்தின்னா இது இன்னும் எவ்வளவு ஒசத்தியோ, நமக்கென்ன தெரியும்? கொண்டு போய் வெச்சுட்டேன்.

மாப்பிள்ளை எடுத்தாரு. தூக்கிப் பாத்தாரு. "தண்ணி மாதிரி வெளுப்பு." ஒரு சொட்டு நாக்குல விட்டுத் துப்பினாரு. "அடேயப்பா, புளிப்பு! பல்லு கூசுது. வெயில் படாத ஊரு. கடல் பக்கம். போர்ச்சுகல், வடக்குக் கோடி. வின்யோ வெர்தே." சொல்லிட்டு, ரெண்டு கையையும் முட்டி மேல வெச்சு உட்கார்ந்துக்கிட்டாரு. டெஸ்ட் முடிச்சுட்டு நான் என்ன சொல்வேனோன்னு என் வாயையே பாப்பானுங்களே பசங்க, அதே மாதிரி.

சரியான்னு பாக்க நான் உள்ள போய் சாக்ஸை இறக்கினேன். லேபிள் போர்ச்சுகல்தான். வின்யோ வெர்தேதான். அதுக்குக் குறுக்கே, தடிச்ச மார்க்கர் பேனாவுல, என் தங்கச்சி கையெழுத்து: கண்ணாடி துடைக்க.

கிளாஸும் ஷோகேஸும் துடைக்கிறதுக்கு வினிகரும் தண்ணியும் கலந்து பழைய பாட்டில்ல வெச்சிருக்கா மகராசி. நான் எடுத்து வெச்ச நிஜ போர்ச்சுகல் பாட்டில், சாக்ஸ் இல்லாம அம்மணமா, பக்கத்துலயே நிக்குது. ஒரே பச்சை, ஒரே லேபிள். அவசரத்துல மாத்தி மாட்டிட்டேன்.

"ஏய், குடிக்காத!"ன்னு கத்தத்தான் ஓடி வந்தேன். அவ அதுக்குள்ள கிளாஸை மூக்குக்கிட்ட கொண்டு போயிருந்தா.

ஒரு தடவை மோந்தா. கிளாஸைப் பாக்கல. எதிர்ல உட்கார்ந்திருக்கிற புருஷனைப் பாத்தா. தினமும் அதே வினிகர்ல ஷோகேஸைத் துடைக்கிற ஆளு, அதைக் குடிச்சுட்டு கடல் பக்கம்னு சொல்லிட்டு உட்கார்ந்திருக்காரு. சென்ட்டு, அடிப்பிடிச்ச பாலு, சாக்ஸு, பூனை எல்லாம் அவ மூஞ்சியில ஒண்ணொண்ணா வந்து போறதை நான் நின்ன இடத்துலேர்ந்து பாத்தேன். எனக்கும் அப்பதான் உறைச்சுது. இந்த மனுஷனுக்கு மூக்கே வேலை செய்யல. நாக்கையும் கண்ணையும் வெச்சே இத்தனை நாளா ஓட்டியிருக்காரு. வண்டியில பிரேக் இல்லாம ஹாரனை மட்டும் நம்பி ஓட்டுற மாதிரி.

"இது வினிகர்"னு அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கடை அவளுக்கு.

அவ கிளாஸைச் சாய்ச்சா. ஒரு வாய் இல்ல, மொத்தமும். துப்பல. மடக் மடக்னு முழுங்கிட்டு கிளாஸைக் கவுத்து வெச்சா. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது, மூக்கு சிவந்து போச்சு.

"போர்ச்சுகல்"னா. குரலே வரல. "வடக்குக் கோடி. கடல் பக்கம். அவர் சொன்னதேதான். லேபிள்ல என்ன போட்டிருக்கு அக்கா?"

ஈவு இரக்கம் இல்லாதவ நான். எத்தனை பேரை அழவிட்டு அனுப்பியிருக்கேன். "போர்ச்சுகல்தான் போட்டிருக்கு. ரெண்டு பேருமே பாஸ்"னு சொன்னேன். லேபிளைத்தானே கேட்டா, லேபிளைத்தான் சொன்னேன்.

மாப்பிள்ளை முட்டாள் இல்ல. அவ கண்ணைப் பாத்தாரு, கவுந்து கிடந்த கிளாஸைப் பாத்தாரு. தன் சாவியை எடுத்து அவ பக்கம் தள்ளிவிட்டாரு. "வேணாம். நான் சும்மா அடிச்சு விட்டேன். கடையை நீங்களே வெச்சுக்குங்க."

"எப்பலேர்ந்துடா?"ன்னா அவ.

அந்த 'டா'வைக் கேட்டதும் மனுஷன் உடைஞ்சுட்டாரு. "ஜுரம் வந்து படுத்திருந்தேன்ல. எந்திரிச்சப்ப ஒரு வாசனையும் இல்ல. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்தேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?"

"என் மூக்கைப் பாத்துத்தானேடி கட்டிக்கிட்ட."

"மூஞ்சியைப் பாத்துக் கட்டிக்கலன்னு தெரியுதுல்ல? அது போதும்." சொல்லிக்கிட்டே துப்புற குவளையைத் தூக்கி அவர் மேல எறியப் போனா. நான்தான் பிடுங்கி வெச்சேன்.

அவர் அழறாரா சிரிக்கிறாரான்னே தெரியல. மூக்கைத் துடைச்சுக்கிட்டு, கவுத்து வெச்ச கிளாஸைக் காட்டிக் கேட்டாரு. "அது என்ன ஒயின்டி?"

"கண்ணாடி துடைக்கிற தண்ணி."

"அதைப் போயா குடிச்ச? முழு கிளாஸையுமா?"

"நீ என் அடிப்பிடிச்ச பால் காப்பியை முழு டம்ளரும் குடிச்சல்ல."