முட்டிக்கு ஒரு புத்தகம்

புத்தகப் பரிசுப் போட்டியை அறிவித்த அன்று பதிப்பக முதலாளியின் உற்சாகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஆயிரம் பேர் வருவாங்கம்மா. கம்மியா வெச்சாலும் ஆயிரம். புத்தகம் சும்மா கிடைக்குதுன்னா ரசிகனுங்க விடுவானுங்களா?" என்று மேசையில் பத்துப் பிரதிகளை அடுக்கி, அதை நாலு பக்கமும் நின்று படம் எடுக்கச் சொன்னார். கால்பந்து ரசிகன் டிக்கெட்டுக்காக நாள் முழுக்க வெயிலில் நிற்பான். முந்நூறு பக்கம் படிக்க உட்காருவானா என்பது வேறு கதை. அதை முதலாளியிடம் யார் போய்ச் சொல்வது?

புத்தகம், நீலச்சட்டை அணி முப்பத்தொரு வருஷம் காத்திருந்து கோப்பை வாங்கிய கதை. நாலு வருஷத்துக்கு முன்பு நடந்த இறுதி ஆட்டத்தில், நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்ட நேரத்தில், தொண்ணூற்று மூன்றாம் நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. ஊரே அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டது. எழுதியவர் ஓய்வுபெற்ற விளையாட்டு நிருபர். பத்துப் பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, ஜெயித்தவர் பெயரை எழுதிக்கொள்ள மேலே இடம் விட்டுக் கொடுத்திருந்தார்.

பதிப்பகத்தின் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பிழை திருத்துவதும் அவள்தான், பார்சல் கட்டுவதும் அவள்தான். மூன்று பேர் இருக்கிற அலுவலகத்தில் யாருக்கு எந்த வேலை என்று எழுதியா ஒட்டி வைத்திருக்கிறார்கள்? முதலாளி அவளை "அம்மா" என்பார். பக்கம் வடிவமைக்கிறவர், எதை எடுத்தாலும் "ஓரம் பத்தலை, ஓரம் பத்தலை" என்று புலம்புவதால் மார்ஜின் என்று பெயர் வாங்கியவர், அவளை "மேடம்" என்பார். அக்கா என்று அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அவன் கூப்பிட்டு நாலு வருஷம் ஆகிறது.

"கோல் போட்டது யாருன்னு கேட்டுடலாமா?" என்றார் முதலாளி.

"அதைத் தேடிப் பார்த்து யார் வேணும்னாலும் சொல்லிடுவாங்க சார். அந்தக் கோல் விழுந்தப்போ நீங்க எங்க இருந்தீங்கன்னு கேப்போம். மனசுல இருக்கறதை எழுதுவாங்க."

"அட, இது நல்லாருக்கே!" என்று முதலாளி தொடையைத் தட்டினார். அவள் குனிந்து தட்டச்சுப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஆயிரம் பேர் பதில் அவளுக்கு எதற்கு? ஒருவன் பதில் போதும். ஜெயிக்கிறவர் முகவரி அனுப்பியாக வேண்டும். தம்பியின் முகவரி அவளிடம் இல்லை, தொலைபேசி எண் இல்லை, இருக்கிறானா சாப்பிட்டானா என்று கேட்க ஒரு வழியும் இல்லை. அவன் விடாமல் படிப்பது ஒன்று உண்டென்றால் அது நீலச்சட்டையைப் பற்றிய எழுத்துதான். அந்த நம்பிக்கையில்தான் கேள்வியைப் போட்டாள்.

தம்பி சின்ன வயதிலிருந்தே கோல்கீப்பர். விழுந்து விழுந்து பந்தைப் பிடிப்பதால் இரண்டு முழங்காலும் எப்போதும் தோல் உரிந்தே கிடக்கும். அம்மா மருந்து தடவிக்கொண்டே "வாடா முட்டி" என்பாள். வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. வெளியில் ஒருவருக்கும் தெரியாது, சொன்னால் அடிக்க வருவான்.

இறுதி ஆட்டத்தன்று அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாவது வாரம். அன்று காலையில் கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தாள். தலையணைக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்த டிக்கெட்டைத் தானே எடுத்துக் கொடுத்து, "போய்ட்டு ஜெயிச்சுட்டு வாடா" என்று அனுப்பினாள், என்னமோ இவன் போய்த்தான் கோல் போடப்போகிறான் என்கிற மாதிரி. ஆட்டம் தொடங்கி அரைமணிகூட ஆகவில்லை, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார். இடைவேளையில் தம்பியே போன் பண்ணினான்.

"அக்கா, அம்மா எப்படி இருக்காங்க?"

"தூங்கறாங்கடா. நீ ஆட்டத்தைப் பாரு."

மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். நாற்பத்தைந்து நிமிஷம்தானே, அம்மா தாங்குவாள், பிள்ளை ஆசையாகப் போயிருக்கிறான், ஒரு தடவையாவது முழுசாகப் பார்க்கட்டும் என்று நினைத்தாள். அம்மா தாங்கவில்லை. வெளியே தெரு முழுக்க ஹாரன் சத்தமும் கூச்சலுமாக இருந்த நேரத்தில் நர்ஸ் ஜன்னலைச் சாத்தினாள். அரைமணி கழித்து முகமெல்லாம் நீலச் சாயத்தோடு, கொடியைப் போர்த்திக்கொண்டு, மாடிப்படியில் ஓடி வந்தான் தம்பி. "அம்மா, ஜெயிச்சுட்டோம்!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

அந்தச் சத்தம் அவள் காதிலிருந்து இன்னும் போகவில்லை. போகாது.

ஒரு மாதம் அவன் அவளோடு பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "எனக்கு ஒரு கோலைக் குடுத்துட்டு, அம்மாவை நீ மட்டும் வெச்சுக்கிட்டே" என்றான். அவ்வளவுதான். அவன்மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

போட்டிக்கு ஒரு விதி இருந்தது. போன வருஷம் கிரிக்கெட் புத்தகத்துக்கு நடத்திய போட்டியில் முதல் பரிசு முதலாளியின் மச்சானுக்கே விழுந்து தொலைத்தது. நேர்மையாகத்தான் விழுந்தது, யார் நம்புவார்கள்? ரசிகர்கள் முதலாளியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து, பதிப்பகத்தில் வேலை செய்கிறவர்களின் உறவினர்கள் கலந்துகொள்ளக் கூடாது. ஜெயித்தவர்கள் படிவத்தில் உறவு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். அவள் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கப் பக்கத்தில் போட வேண்டும். விதியைத் தட்டச்சு செய்தது அவள்தான். அப்போது கை கூசவில்லை. தம்பி பதில் எழுதினால் போதும், முகவரி கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் இந்த விதி தன்மேலேயே திரும்பும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

ஆயிரம் பேர் வரவில்லை. மூன்று நாளில் இருபத்து மூன்று பேர் எழுதினார்கள். அதில் நாலு பேர் விலை கேட்டிருந்தார்கள், இரண்டு பேர் வெறும் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள், ஒருவர் வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டிருந்தார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஒழுங்கான பதில் என்று தேறியது பதினாறு. நான்காம் நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் பதினேழாவது வந்தது. எழுதியவர் பெயர் முட்டி.

"வடக்குப் பக்கம், கடைசி வரிசை. கத்தித் தொண்டை போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு ஆட்டமும் பார்க்கல. அன்னைக்கு அந்தக் கோலைப் பார்த்தேன். பார்க்க வேண்டியதைப் பார்க்கல."

சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை காய்ந்துவிட்டது. கண்ணீர் வந்தது, துடைக்க இடது கை போதவில்லை. அதற்குள் கீழே எவனோ ஒருவன், "என்ன பாஸ், கோலை விட வேற என்னத்தைப் பார்க்கணும்? பக்கத்து சீட்ல யாரு?" என்று பல்லிளிக்கும் பொம்மையோடு எழுதியிருந்தான். ஏழு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

வருகிற ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தின் சார்பில் மறுமொழி போட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. "டேய்" என்று அடித்தாள், அழித்தாள். "சாப்பிட்டியா" என்று அடித்தாள், அழித்தாள். "நான் செஞ்சது தப்பு" என்று அடித்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிப்பகத்தின் பெயரில் அதை எப்படிப் போடுவது? கடைசியில் மற்ற பதினாறு பேருக்குப் போட்டதையே இவனுக்கும் போட்டாள். "உங்கள் நினைவைப் பகிர்ந்ததற்கு நன்றி! பரிசு உங்களுக்கே கிடைக்க வாழ்த்துகள்!"

குலுக்கல் நேரலையில் நடந்தது. முதலாளி எங்கிருந்தோ ஒரு கோல்கீப்பர் கையுறையை இரவல் வாங்கி வந்திருந்தார். அதற்குள் சீட்டுகளைப் போட்டு எடுத்தால் பார்க்கிறவர்கள் சொக்கிப்போவார்களாம். பார்த்தது மொத்தம் ஒன்பது பேர், அதில் மூன்று பேர் முதலாளியின் வீட்டார். சீட்டு மடித்தது அவள். பதினாறை நாலாக மடித்துவிட்டு, தம்பியின் சீட்டை மட்டும் பாதி மடித்து, கையுறையின் வாயிலேயே செருகினாள். கை வைத்தால் முதலில் அகப்படட்டும் என்று செய்த திருட்டுத்தனம்தான், மறைப்பானேன். ஆனால் மார்ஜின் இருக்கிறாரே, நியாயத்துக்கு அவதாரம் எடுத்தவர். கையை அடிவரை விட்டு ஒரு கலக்குக் கலக்கினார்.

ஆறு பெயர் போயிற்று. ஏழாவது சீட்டைப் பிரித்து, "முட்டி! இது என்னங்க பேரு? சரி, முட்டி அவர்களே, வாழ்த்துகள்!" என்றார். அவள் கையிலிருந்த போன் தானாகச் சீட்டின் பக்கம் நெருங்கியது. "கேமராக்காரரே, சீட்டு மட்டும்தான் தெரியுது" என்று ஒருவர் எழுதினார்.

மறுநாள் காலையில் தம்பியின் படிவம் வந்தது, இனிஷியலோடு சொந்தப் பெயரில். முதலில் முகவரியைத்தான் படித்தாள். வேறு ஊர், விளையாட்டுச் சாமான் கடை, இரண்டாம் மாடி. இரண்டு முறை படித்ததும் மனப்பாடம் ஆகிவிட்டது. பேருந்தில் ஏறினால் ஒரு பகல் தூரம். இவ்வளவு கிட்டத்திலா இருந்தான்! சனிக்கிழமை விடுப்புச் சொல்லலாம், அவன் சட்டை அளவு மாறியிருக்குமோ என்னமோ என்று மனம் கிடுகிடுவென்று ஓடியது. அப்புறம்தான் மற்றதைப் படித்தாள்.

புத்தகத்தில் எழுத வேண்டிய பெயர்: அம்மாவுக்கு.

பதிப்பக ஊழியர் எவருக்கேனும் உறவினரா: இல்லை.

வேறு குறிப்பு: தபாலில் மட்டும் அனுப்பவும். நேரில் யாரும் வர வேண்டாம்.

அவள் இங்கே வேலை பார்ப்பது அவனுக்குத் தெரியாதா? அவன் வீட்டில் இருந்தபோது அட்டை மடங்கிய பிரதிகளைத் தூக்கிக்கொண்டு போனதே அவனுக்காகத்தானே? படிவத்தை யார் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான். முட்டி என்று பெயர் போட்டதும் தெரிந்தேதான். நான் உயிரோடுதான் இருக்கிறேன், இவ்வளவு தெரிந்தால் உனக்குப் போதும் என்கிறான்.

அவள் நினைத்தால் அந்த "இல்லை"யை ஒரு வார்த்தையில் மறுக்கலாம். "இது பொய், இவன் என் தம்பி" என்று முதலாளியிடம் சொல்லலாம். சொன்னால் தம்பி மறுபடி தம்பி ஆவான், புத்தகம் வேறு யாருக்கோ போகும். அந்தப் புத்தகம் அம்மாவுடையது என்று அவன் எழுதியிருக்கிறான். அன்றைக்கு ஆட்டத்தைப் பார்க்கட்டும் என்று ஒரு பொய் சொன்னாள். இன்றைக்கு அவனே இன்னொரு பொய் கேட்கிறான்.

ஏழாவது பிரதியை எடுத்து, நிருபர் விட்ட இடத்தில் "அம்மாவுக்கு" என்று எழுதினாள். அவள் கையெழுத்து அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தவளே அவள்தான். ஒரு காகிதம் எடுத்து உள்ளே வைக்கலாமா என்று மேசை இழுப்பறையைத் திறந்து, மூடிவிட்டாள். காகிதம் வைத்தால் அது நேரில் போய் நிற்கிற மாதிரிதான். மூலை மடங்காமல் நாலு பக்கமும் அட்டை கொடுத்துக் கட்டினாள். முகவரியைப் படிவம் பார்க்காமலே எழுதினாள்.

"அம்மா, பட்டியல் ரெடியா? நம்ம சொந்தக்காரங்க யாரும் இல்லையே? போன தடவை பட்டதே போதும்" என்று உள்ளறையிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"யாரும் இல்ல சார்" என்றாள்.

பத்துப் பெயருக்கு எதிரிலும் உறவு இல்லை என்று பத்து முறை எழுதினாள். ஏழாவதற்கு வந்தபோது பேனா நின்றது. உதறி எழுதினாள். கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். படம் எடுக்க வந்த மார்ஜின், பிழை தேடுகிற கண்ணாயிற்றே, தாளைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மேடம், இந்த ஏழாவது ஆளுக்கும் உங்களுக்கும் ஒரே இனிஷியலா இருக்கு?"

"ஒரே இனிஷியல் எத்தனையோ பேருக்கு இருக்கும்" என்றாள் அவள்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, நாலு பக்கமும் ஓரம் விட்டு அவர் தாளைப் படம் எடுத்தார்.