கடற்கரையோடு போன பிள்ளை

வடிவு பிறந்தபோதே ஜோசியர் நீர்க்கண்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து வயது தாண்டினால்தான் உண்டு என்றார். அன்றிலிருந்து முப்பிடாதியம்மாளுக்கு நிம்மதி ஏது? தென்காசியில் குடியிருந்தும், மூன்றே மைலில் இருக்கும் குற்றாலத்துப் பக்கம் ஒன்பது வருஷமாக அவள் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் 1958 கோடை லீவில், கடலோரத்துப் பழைய ஊர்களைக் காட்டுகிறேன் என்று அவள் புருஷன் தளவாய் கூட்டிக்கொண்டு போனார். சரித்திர வாத்தியார் அல்லவா, கிறுக்கு சும்மா விடுமா! "பிள்ளைக்கு உள்ளங்கால்கூட நனையாதுட்டி" என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

ஊருக்கு ஒன்றாகக் கார்டு வந்தது. காயல்பட்டினத்தில் பழைய பள்ளிவாசல்கள் பார்த்தார்களாம். மணப்பாட்டில் மணல்மேட்டுக் கோயிலடியில் அலை அடிக்கிறதாம். அதைப் படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கொற்கையை விட்டுக் கடல் நாலு மைல் தள்ளிப் போய்விட்டது என்ற கார்டை மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பகல் பஸ்ஸில் வருவதாகக் கடைசிக் கார்டு. பஸ் வந்தது, அவர்கள் வரவில்லை. கண்டக்டர் யாக்கூப் மட்டும் இறங்கி வந்தான்.

"அக்கா, அண்ணாச்சிக்கு ஆலங்குளத்துல மயக்கம். டாக்டர்ட்ட படுத்திருக்காவ, அடுத்த பஸ்ஸுல வருவாவ. பிள்ளை கடற்கரையோட போயிட்டுதாம், அத உங்ககிட்ட சொல்லச் சொன்னாவ."

ஐயோ! முப்பிடாதி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளத்தோடு போயிற்று என்பார்களே, அப்படித்தான் அவள் காதில் விழுந்தது. "பாவி மனுஷா, கொண்டுபோய்க் கடலுக்குக் கொடுத்திட்டீரே!" என்று பஸ் ஸ்டாண்டே கூடும்படி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரு மணி நேரம் அழுதாள்.

அடுத்த பஸ்ஸில் தளவாய் வெளிறிப்போய் இறங்கினார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எம் பிள்ளை எங்கேய்யா?"

"ஏட்டி, கடற்கரையோட கார்ல போயிருக்கா. கடற்கரைங்கிறது எங்க புது டிரில் வாத்தியாரு பேரு! குடும்பத்தோட எங்ககூடத்தான் ஊர் சுத்தினாரு. எனக்கு வாந்தி வந்து படுத்துட்டேன். அவங்க வாடகைக் கார் பிடிச்சுக் குற்றாலம் போறாங்கன்னதும் பிள்ளையும் வருவேன்னு ஒரே அழுகை. வேடிக்கை பார்க்கத்தான் விட்டேன்."

"மனுஷனுக்கு வைக்க வேற பேரே கிடைக்கலையா!" என்று கத்தினாள். மறுநிமிஷம், "குற்றாலமா?" என்று அவர் சட்டையை விட்டுவிட்டாள்.

குதிரை வண்டி பிடித்து ஓடினார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசனின் முதல் தண்ணீர் பாறையில் மெல்லிசாக வழிந்தது. அதன் அடியில் டிரில் வாத்தியார் மனைவியின் கையைப் பிடித்தபடி, தலையோடு கால் நனைந்து, வடிவு நின்று சிரித்தாள்.

தளவாய்க்கு உயிரே இல்லை. "சத்தியமா நான் குளிக்கச் சொல்லலை" என்றார்.

"சும்மா இரும். மத்தியானமே எம் பிள்ளை செத்துட்டா. நான் அழுது முடிச்சாச்சு. கண்டம் அதோட கழிஞ்சிட்டு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே தண்ணீருக்குள் இறங்கினாள். பயம் போய்விட்டதா என்றால், எங்கே போயிற்று! பிள்ளையின் கையை எட்டி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கை வலிக்கும்மா, விடு" என்றாள் வடிவு.

அவள் விடவில்லை.