பார்ப்பவர் ஒருவர்

என் வீட்டுக்காரர் சின்னராஜ் துபாய்க்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அங்கே வீடியோ கால் போகாது என்பது அவர் விமானம் ஏறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. குரல் மட்டும் வரும். குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பேன். அவர் முகம் எனக்கு மறந்துவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. என் முகம் அவருக்கு மறந்துவிடுமோ என்றுதான் பயம்.

போட்டோ அனுப்பினேன். எல்லாவற்றிலும் சிரிக்கிறாயே, நீ எங்கே அப்படிச் சிரிப்பாய் என்றார். அது உண்மைதான், நான் சிரிப்பதைவிட முறைப்பதுதான் அதிகம். வீடியோ எடுத்து அனுப்பினேன். அது நேற்று நடந்தது என்றார். நான் இப்போது, இந்த நிமிடம், வாசலில் நடப்பதை அவர் பார்க்க வேண்டுமாம். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஆட்டுக் காவலுக்கென்று வாணியம்பாடி சுஃப்யான் கடையில் அவர் வாங்கி மாட்டிவிட்டுப் போன பழைய கேமரா ஒன்று வாசலுக்கு மேலே இருக்கிறது. அதன் படம் உள்ளே டிவியோடு சேர்ந்த ஒரு பெட்டிக்கு வரும். அதைத் துபாயிலிருந்தே பார்க்கலாம், ரவுட்டரில் போர்ட் என்கிற வாசலைத் திறந்துவிட்டால் போதும் என்று சுஃப்யான் போனில் சொன்னான்.

திறக்க வேண்டியது ஒரு வாசல் அல்ல, இரண்டு. எங்கள் மலைக்கு வந்த இன்டர்நெட் ஒயர் என் வீட்டுக்காரரின் அண்ணன் கோபால்சாமி மாமா வீட்டோடு நின்றுவிட்டது. அவர் வீட்டில் ஒரு ரவுட்டர். அங்கிருந்து புளியமரத்தின் மேலாக ஒயர் இழுத்து என் வீட்டில் இன்னொன்று. துபாயிலிருந்து வருகிறவர் முதலில் மாமா வீட்டு ரவுட்டரைத்தான் தட்டுவார். கேமராவா, பக்கத்து வீடு என்று அது காட்டிவிட வேண்டும். பிறகு என் ரவுட்டர் அவரைக் கேமராப் பெட்டிக்குக் கூட்டிப் போகும். இரண்டில் ஒன்று வாயை மூடிக்கொண்டாலும் படம் வராது.

என் ரவுட்டரில் சுஃப்யான் சொல்லச் சொல்ல நானே எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். மாமாவின் ரவுட்டருக்கு அவரிடம்தான் பாஸ்வேர்ட். எங்கள் வழக்கத்தில் தம்பி மனைவி அண்ணன்காரர் எதிரில் நிற்க மாட்டாள், நேராகப் பேசவும் மாட்டாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நான் அவரிடம் ஒரு சொல் பேசியதில்லை. எல்லாமே அவர் மனைவி ரேணுகாதேவி அக்கா வழியாகத்தான். விதைச் சாமை கேட்க அது போதும். ரவுட்டருக்குப் போதவில்லை.

மாமாவின் ரவுட்டர் என் ரவுட்டருக்குக் கொடுத்திருந்த முகவரியின் கடைசி எண் ஐந்து. அதை மாமா தன் ரவுட்டரில் போட்டால் போதும் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். போட்டாயிற்று என்று பதில் வந்தது. துபாயில் படம் வரவில்லை. மறுபடி கேட்டேன், போட்டாயிற்று என்றே வந்தது. இப்படியே மூன்று வாரம். மாமா வேண்டுமென்றே போடவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். புளியமரப் பங்கில் அவருக்கு எங்கள்மேல் மனத்தாங்கல் உண்டு. மனசு இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் வெடுக்கென்று சொல்லியும் விட்டேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் போன் செய்தார். மறுநாள் காலையில் அவரைப் பாலைவனத்தில் வேறு சைட்டுக்கு அனுப்புகிறார்களாம். ஐந்து மாதம், அங்கே நெட் கிடையாது. போனை வைத்ததும் அழுதேன். அழுது முடித்து, சுஃப்யானைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அக்கா, நடுவுல பிளக்க கிளக்க புடுங்குனீங்களா?"

பிடுங்காமல்? மலையில் மேகம் உறுமினால் எல்லா வீட்டிலும் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். இடியில் டிவியோ மோட்டாரோ கருகாத வீடு இங்கே கிடையாது. காகிதம் கொடுத்த அன்றைக்கே இடி. நானும் பிடுங்கினேன், மாமா வீட்டிலும் பிடுங்கியிருப்பார்கள். திரும்பச் செருகும்போது அந்த ரவுட்டருக்குப் பழையது மறந்துபோகும், வருகிற வரிசைக்குப் புது எண் கொடுக்கும் என்றான் சுஃப்யான். பார்த்தேன். என் எண் இப்போது ஏழு. ஐந்து வேறு யாருக்கோ போயிருந்தது, அநேகமாக ரேணுகா அக்காவின் போனுக்கு. என் மனுஷன் மூன்று வாரமாக அவளைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா அன்று காலையில்தான் நெல்லிவாசலுக்குத் தாய் வீடு போயிருந்தாள். போனிலும் கிடைக்கவில்லை. மாமா தன் வீட்டு வாசலில் தனியாகக் கன்றுக்குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். நான் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி, கன்றைப் பார்த்துப் பேசினேன்.

"கன்னுக்குட்டி, அஞ்சு இல்லியாம். இடிக்கி பிளக்க புடுங்குனதுல ஏழா மாறிடுச்சாம்."

கையிலிருந்த தழையை அவர் கன்றின் முன்னால் போட்டார். பிறகு அவரும் கன்றிடமே சொன்னார்.

"அஞ்சுன்னு அன்னிக்கே போட்டேன். எனக்கு மனசு இல்லன்னுட்டாங்க."

"தப்பு என்னுதுங்க" என்றேன். பிறந்து இரண்டு மாதமான கன்றுக்கு இவ்வளவு மரியாதையை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அவர் போனை எடுத்து ஏழு போட்டார். இனி எத்தனை இடி இடித்தாலும் அந்த எண் மாறாமல் கட்டிவைக்கவும் வழி இருக்கிறது என்று சுஃப்யான் சொன்னதைக் கன்றுக்குச் சொன்னேன். அதையும் செய்தார்.

வீட்டுக்குள் ஓடி, கேமராப் பெட்டியோடு சேர்ந்த டிவி முன்னால் உட்கார்ந்தேன். போன் அடித்தது.

"வந்துடுச்சி கலை. வாசல் தெரியுது, கொடம் தெரியுது. நீ எங்க?"

வாசலுக்கு ஓடி வந்து நின்றேன். மூச்சு வாங்கியது.

"எளச்சிட்ட" என்றார். "பேசுனா படம் நின்னு நின்னு போவுது. நான் போன வச்சிட்டுப் பாக்கறேன்."

வைத்துவிட்டார். நான் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கிறாரா, படம் போய்விட்டதா, ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஓடினேன். சுஃப்யான் சொல்லிக் கொடுத்த பக்கத்தை டிவியில் திறந்தேன். இப்போது பார்ப்பவர் எத்தனை பேர் என்று காட்டும் ஆன்லைன் யூசர் என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது. அந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அவர்தான் அது. அப்புறம்தான் உறைத்தது, நான் இங்கே ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அங்கே வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே ஓடினேன். வெளியே நின்றால் எண் தெரியாது, உள்ளே போனால் நான் தெரியமாட்டேன். பைத்தியக்காரி மாதிரி நான்கு முறை போய் வந்தேன்.

ஐந்தாவது முறை போகத் திரும்பியபோது பின்கதவு சத்தம் கேட்டது. நான் ஓடுவதை மாமா தன் வாசலிலிருந்து பார்த்திருக்க வேண்டும். என் வீட்டுக்குள் வந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி டிவி முன்னால் உட்கார்ந்தார். பாகம் பிரித்த பிறகு அவர் இந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை.

"ஒண்ணுன்னு இருக்குது" என்று சுவரிடம் சொன்னார்.

நான் வாசலைப் பெருக்கினேன். ஏற்கெனவே பெருக்கிய வாசல்தான். குடத்தை எடுத்து இடம் மாற்றி வைத்தேன். தலையை அவிழ்த்து முடிந்தேன். ஒன்றரை வருடம் சேர்த்து வைத்த நடையெல்லாம் நடந்தேன். அவ்வப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒண்ணு. இன்னும் ஒண்ணுதான். வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது, இரண்டையும் மறைக்கவில்லை.

பிறகு வெகுநேரம் குரல் வரவில்லை. துபாயில் அவர் போய்விட்டார் போல என்று துடைப்பத்தைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு இருக்குது" என்றார் மாமா. "எந்தம்பி என்னியும் பாத்து ஒன்றர வருசமாச்சி."

இடையில் வைத்துப் பேசக் கன்றுக்குட்டி பக்கத்தில் இல்லை.

"வாங்க மாமா" என்றேன், நேராக.

வந்தார். எனக்கு நாலடி தள்ளி நின்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேமராவை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே எண்ணைப் பார்க்க இப்போது யாரும் இல்லை. நாங்கள் இருவரும் முகம் தெரியாமல் இருட்டும் வரை அப்படியே நின்றோம்.