போகப் பக்கம், வரத் தூரம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனன் சாப்பிடும்போது சொன்னது. "ஒரு அம்மா வந்தாங்க மச்சான்..." என்று ஆரம்பித்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

2

'இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பறக்க ஒன்பது மணி நேரம். அந்த ஆகாயம் முழுக்க அவளுடைய ஏக்கம்...'

வேண்டாம். ஆகாயத்தை விட்டுவிட்டுத் தையல்கடைக்குப் போவோம்.

3

அவள் தையல்காரி. வெல்டரான புருஷன் வெளிநாடு போய் ஐந்து வருஷமாகிறது; நடுவில் ஒரே ஒரு தடவை வந்தான். வருஷத்துக்கு ஒரு சட்டை அவனுக்காகத் தைத்து, பழைய அளவிலேயே, ஆணியில் மாட்டி வைப்பாள். கடை சாத்தும் நேரத்தில் காலரைச் சும்மா நீவிவிடுவாள்.

அவன் வந்துபோன டிக்கெட்டின் நகல் அவளிடம் இருந்தது. போகும்போது காலை பத்துக்குக் கிளம்பி, பகல் ஒன்றுக்கு இறங்குகிறான். வரும்போது பகல் ஒன்றுக்கு ஏறி, மறுநாள் விடிகாலை நாலுக்கு. அந்தந்த ஊர் நேரத்தைத்தான் டிக்கெட்டில் போடுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. போக மூன்று மணி நேரம், வரப் பதினைந்து என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

"இந்த வருஷமும் வர முடியாது போல," என்பான் போனில்.

"பரவால்லைங்க. அவ்வளவு நேரம் எப்படி உக்காந்து வருவீங்க? இடுப்புவலி வேற."

"ம்."

(இந்த 'ம்'மை அடித்து அடித்து எழுதினேன். அவனுக்கு உண்மை தெரியும். நல்லவனா இல்லையா என்று எனக்கே பிடிபடவில்லை.)

4

ஒருநாள், சட்டைகளை எல்லாம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மைத்துனன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

(பாஸ்போர்ட், விசா என்று குறுக்கே வராதீர்கள். எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். கதை எழுதுகிறவனால் முடிந்த உபகாரம்.)

"போறதுக்கு ஒரு டிக்கெட் போடுங்க தம்பி."

"திரும்பி வர்றதுக்கு, அக்கா?"

"அதுக்கென்ன அவசரம்? அவர் வர்றதுதானே தூரம். நான் போறது பக்கம். இவ்வளவு நாளா இது எனக்குத் தோணவே இல்ல பாருங்களேன்!"

5

முடிவு ஒன்று: மைத்துனன் விளக்குகிறான். "அப்போ அவர் வர்றதுக்கும் அதே ஒன்பது மணி நேரம்தானா?" என்று கேட்டுவிட்டு அவள் மெல்ல எழுந்து...

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொண்டு டிக்கெட் போடுகிறான். மூன்று மணி நேரம் ஆகியும் விமானம் இறங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் அவள்...

இரண்டுமே என்னால் முடியவில்லை. நிஜத்தில் என்ன நடந்தது என்று மைத்துனனைக் கேட்கவும் மனசு வரவில்லை. அவன் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான். அந்த நாற்காலியில் இப்போது நீங்கள்தான்.

"மூணு மணி நேரம்தானே?" என்கிறாள்.

சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.