பதினோரு பீப்பாய்

கணவன் இறந்த அன்று, துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவளுடைய சொந்த அண்ணன் சொன்னது இதுதான்: "குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டான்."

அவள் கணவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவன் இல்லை. அண்ணனுடைய பழைய பிளாஸ்டிக் கிடங்கில் பாட்டில்களைத் தரம் பிரிக்கும்போது கையில் ஊசி ஏறியது. முறைப்படி எரிக்க வேண்டிய மருத்துவமனைக் கழிவு பின்வாசல் வழியாக வரும். அண்ணன் அதைப் பாட்டில்களோடு கலந்து, பிளாஸ்டிக்கை உருக்கும் ஆலைக்கு அனுப்பிவிடுவார். அதிலிருந்து தொற்றிய காமாலை ஈரலைத் தின்று, ஊசி குத்திய இரண்டாம் வருஷம் ஆள் போய்ச் சேர்ந்தான். விசாரிக்க வந்த அதிகாரியிடம் அண்ணன் சரக்கு வரவு நோட்டை நீட்டினார். ஊசி குத்திய நாளின் பக்கத்தைக் கிழித்துவிட்டு, 'சுத்தமான பாட்டில்' என்று புதிதாக எழுதி ஒட்டியிருந்தார். விஷயம் அத்தோடு அமுங்கிப் போனது.

பிறகு, தங்கை கஷ்டப்படக் கூடாது என்று கிடங்கிலேயே அவளுக்கும் வேலை கொடுத்தார். தங்கமான மனுஷன் என்று ஊர் மெச்சியது. அவளும் வேலைக்குப் போனாள்.

நாலு வருஷம் கழித்து ஆலைக்காரர்கள் பிளாக்செயின் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கிடங்குக்குள் வரும் ஒவ்வொரு லோடும் என்ன சரக்கு, என்ன எடை, யார் கொடுத்தது என்று கைப்பேசியில் படத்தோடு பதிய வேண்டும். வெளியே போகும் கட்டுக்கும் அப்படியே. பதிந்தது ஆலை, லாரிக் கம்பெனி, அரசு அலுவலகம் என்று எல்லார் கணினியிலும் ஒரே மாதிரி போய் உட்கார்ந்துவிடும். சொல்லிக்கொடுக்க வந்தவர் பேசப் பேச அண்ணன் கொட்டாவி விட்டார். தப்பாகப் பதிந்தால் அழிக்கலாமா என்று அவள் மட்டும் கேட்டாள். முடியாதாம். கீழே திருத்தம் எழுதலாமாம். ஆனால் பழையது பழையபடியே நிற்குமாம்.

அன்று மத்தியானம், நாலு வருஷத்தில் முதன்முறையாக அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

கைப்பேசி வேலை அவள் தலையில்தான் விழுந்தது. வியாழக்கிழமை மருத்துவமனை மூட்டைகள் வந்தன. பாட்டில் என்றே போடச் சொன்னார் அண்ணன். சரி என்று அப்படியே போட்டாள், முதலாளியின் கைரேகை கேட்கிறது என்றாள். அது பொய். அவள் ரேகையே போதும். அண்ணன் வேறெங்கோ பார்த்தபடி கட்டைவிரலை வைத்தார். அப்படியே பதினோரு வியாழன்.

ஆனால் ஆலையில் இன்னொருத்தி கையில் ஊசி ஏற அவள் விடவில்லை. தடித்த கையுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு, ஊசி, குழாய், ரத்தம் தோய்ந்த பஞ்சு எல்லாவற்றையும் இடுக்கியால் பொறுக்கி, மூடி போட்ட பீப்பாயில் அடைத்து, மேலே தேதி எழுதி, பின்பக்கக் கொட்டகையில் பூட்டினாள். கழித்த எடையைப் பதியவில்லை. வந்ததற்கும் போனதற்கும் இடைவெளி வாரா வாரம் கூடிக்கொண்டே போனது. என்றைக்காவது யார் கண்ணிலாவது படும் என்று காத்திருந்தாள்.

பன்னிரண்டாம் வாரம் ஆலையின் தணிக்கை அம்மாள், கூடவே ஓர் அரசு அதிகாரி. அறுநூற்றுச் சொச்சம் கிலோ சரக்கு எங்கே என்று கேட்டார்கள். அண்ணன் அவளை எடைமேடைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"வியாழக்கிழமை லோடையெல்லாம் அழிச்சுடு."

"அழிக்க முடியாதுண்ணே. இது நோட்டு இல்லை."

"அப்ப நீ தெரியாம போட்டேன்னு சொல்லு. மிச்சத்தை நான் பேசிக்கிறேன்."

"எல்லாத்துலயும் உங்க ரேகைதான் இருக்கு."

அவர் முகம் வெளுத்தது. "தெரிஞ்சேதான் வைக்கச் சொன்னியா?"

"தெரிஞ்சேதான். அவரைக் குடிகாரன்னு சொன்னீங்களே, அன்னியிலேருந்து காத்துக்கிட்டு இருந்தேன்."

சாவியை எடுத்துப் போய்க் கொட்டகையைத் திறந்துவிட்டாள். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பதினோரு பீப்பாயையும் எண்ணினார்கள். சாயங்காலத்துக்குள் கிடங்குக்குச் சீல் வைத்து, அண்ணனை வண்டியில் ஏற்றினார்கள். கழிவைத் தள்ளிவிட்ட மருத்துவமனை மேலாளரும் தப்பவில்லை.

கூட வேலை பார்த்த பெண்கள் எட்டுப் பேருக்குப் பிழைப்பு போயிற்று. அதில் ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே, உன் வன்மத்துக்கு எங்கள் அடுப்பை அணைத்துவிட்டாயே என்றாள். அது மட்டும் அவளைச் சுட்டது. ஆலையில் இவர்களுக்கு இடம் கொடுங்கள் என்று தணிக்கை அம்மாளிடம் கேட்டு வைத்தாள். பார்க்கலாம் என்றார் அவர்.

மறுநாள் காலை அண்ணி வந்து வாசலிலேயே நின்று அழுதாள். என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவர் ஆயிற்றே, சாட்சி சொல்லப் போக வேண்டாம் என்று கெஞ்சினாள். அவள் அண்ணியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அழுது முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

"போவேன் அண்ணி," என்றாள்.