மூடிய சரிவு

வேலிக்கு உள்ளே ஆடுகள் நிற்பது முதலில் அவள் காதில்தான் விழுந்தது. பல்லால் இலையை இழுத்துக் கிள்ளும் சத்தம். அன்றைக்குக் காவல் முறை அவளுடையது. கம்பை ஊன்றி ஏறி வந்தவள், முள்வேலி விலகிக் கிடந்த இடத்தில் குனிந்து நுழைந்தாள். யாருடைய ஆடுகளாக இருக்கும் என்று யோசிப்பதுபோல் நடிக்கக்கூட முடியவில்லை. முன்னால் நின்ற கறுப்புக் கிடாய் அவளே புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. எல்லாம் தம்பியின் ஆடுகள்.

வெட்டியும் மேய்த்தும் மொட்டையாகிப்போன சரிவு அது. கீழே ஓடை கோடை பிறக்கும் முன்பே வற்றத் தொடங்கியதும் ஊர் கூடி, இனி மேய்ச்சல் கூடாது என்று வேலி போட்டு அதை மூடியது. காட்டைக் கவனிக்கும் பொறுப்பை வனத்துறை ஊர்க் கமிட்டியிடம் கொடுத்திருந்தது. மரத்தில் கை வைக்கக் கூடாது. தேன், காளான், மூங்கில், துடைப்பப் புல் எடுத்து விற்கலாம். நாற்றுப் பண்ணை போடலாம். தலைவர் யார் என்பதில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைசியில், யாரோடும் பகை இல்லாதவள் என்று அவளை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த மறுநாளே அந்தத் தகுதி போய்விட்டது.

இப்போது ஆடுகளை வந்த வழியே விரட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. மொட்டையாக நின்ற வெட்டுக்கட்டைகளில் இப்போதுதான் முழங்கால் உயரத்துக்குத் துளிர் வந்திருந்தது, அதில் பாதியை ஆடுகள் கடித்துவிட்டிருந்தன. போன மாதம் தேன்காரரின் பசு இதே இடத்தில் மாட்டியபோது அவள்தான் பிடித்து ஊர்க் கொட்டகையில் அடைத்தாள். மனுஷன் சபையில் வந்து தலைகுனிந்து நின்றார். அதை நினைத்ததும் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆடுகளைத் தெரு வழியாகவே ஓட்டிப்போனாள். குழாயடியில் நின்ற தம்பி மனைவி, குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி..." என்றாள்.

தம்பி ஓடி வந்தான். ஆடுகளைச் சீட்டியடித்தே நடத்துவதால் ஊரில் அவனுக்கு விசில் என்றுதான் பெயர். அன்று உதட்டில் சீட்டி இல்லை.

"என் ஆட்டையே பிடிப்பியாக்கா?"

"உன் ஆட்டை விட்டுட்டு ஊர் ஆட்டை எந்த மூஞ்சியோட பிடிக்கிறது?"

"அப்ப மூஞ்சிதான் பெருசு. தம்பி இல்ல."

அவன் திரும்பி நடந்தான். அவள் ஆடுகளைக் கொட்டகையில் அடைத்துத் தாழ்போட்டாள்.

கமிட்டி பள்ளிக்கூட அறையில் கூடியது. வனத்துறை ரேஞ்சரும் வந்திருந்தார். பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவர்களிடம், அவர் காட்டுத்தீ பிடிக்கும் பருவம் பற்றிப் பேசினார். தீ தாண்டி வராமலிருக்க, சரிவைச் சுற்றி வேலிக்கு வெளியே அகலமாகப் புல்லை எடுத்துத் தீக்கோடு போட வேண்டும். எடுத்த இடத்தில் மறுபடி வளர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். யார் செய்வது? தேன் எடுப்பவர்களுக்கு அதுதான் பருவம். பண்ணைக்காரர்களுக்கு நாற்றுக்குத் தண்ணீர் சுமக்கவே நேரம் போதவில்லை. எல்லோரும் அவரவர் கால்விரல்களைப் பார்த்தார்கள்.

ஆட்டு விஷயம் வந்தது. கடைசி பெஞ்சில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த விசில் எழுந்தான்.

"மேஞ்சது தப்புதான். ஆனா எனக்குத் தேன் எடுக்கத் தெரியாது, கூடை முடையத் தெரியாது. ஆளுக்கொரு வழி விட்டீங்க. ஆட்டுக்காரனுக்கு வேலியை மட்டும் விட்டீங்க. நீங்க கூட்டம் போடுற நேரம் நான் ஆட்டை ஓட்டிக்கிட்டு வர்ற நேரம். என்னை யாரு கேட்டீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. சொந்தத் தம்பியைக் கேட்கவில்லை என்பது இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

உட்காரப் போனவன், கோபம் ஆறாமல் திரும்பினான். "நீங்க அருவாளை வெச்சுக்கிட்டு அந்தப் புல்லோட மல்லுக்கட்டுங்க. என் ஆட்டை விட்டா நாலு நாள்ல வழிச்சுப் போட்ரும்."

"ஆடு கோடு பாத்தா மேயும்?" என்றார் தேன்காரர். அறையே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. "நீ பாத்துப்பியா?" என்று கேட்டாள்.

"எதை?"

"கோட்டை."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும், "பாத்துப்பேன்" என்றான்.

ரேஞ்சர் மறுப்பாகத் தலையாட்டினார். "ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வருவாங்கம்மா. நான் மேல பதில் சொல்லணும்."

"நான் இங்கேயே பதில் சொல்லணும் சார். மழை வரைக்கும் பாப்போம். வேலிக்கு வெளியில மட்டும். பிச்ச வேலியை அவனே கட்டட்டும். இனி ஒரு ஆடு உள்ள போச்சுன்னா அத்தோட முடிஞ்சுது."

தேன்காரர்தான் முதலில் கை தூக்கினார்.

விசில் வேலியைக் கட்டினான். ஆடுகளைத் தீக்கோட்டில் மேலும் கீழுமாக நடத்தினான். அக்காவிடம் மட்டும் பேசவில்லை. அவள் காவலுக்கு வரும் நாட்களில் ஒரு பாறைக்கு அந்தப் பக்கமாகவே நின்றான். ஆனால் ஒரு குட்டிகூட உள்ளே போகவில்லை.

கோடையின் நடுவில், ஒரு பகலில், எதிர்மலைப் பக்கமிருந்து தீ வந்தது. ஊரே பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடியது. காய்ந்த புல்லில் ஆளுயரத்துக்கு எழுந்து வந்த நெருப்பு, ஆடுகள் மேய்ந்த இடத்துக்கு வந்ததும் தின்ன ஒன்றுமில்லாமல் கணுக்காலுக்கு இறங்கியது. அங்கே வைத்துத் தழையால் அடித்து அணைத்தார்கள். மேல் மூலையில் மட்டும் காற்று பொறியைத் தூக்கிப்போட்டு வேலிக்குள் ஒரு துண்டு எரிந்துபோனது. மற்ற சரிவெல்லாம் தப்பியது.

கரி அப்பிய முகத்தோடு அவள் தரையில் சாய்ந்தாள். யாரோ தண்ணீர்ச் செம்பை நீட்டினார்கள். விசில்.

"மெதுவா குடி. நெஞ்சில அடைச்சுக்கும்."

குடித்தாள். "மேல் மூலையில புல்லு கொஞ்சம் மேயாம நின்னுருக்கு" என்றாள்.

"தலைவி ஆயிட்டா தண்ணி குடிக்கும்போதும் குத்தம்தானா?" என்றான். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. புகை ஏறிய தொண்டையில் இருமலாக முடிந்தது.

இருமி முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அவன் கீழே கை காட்டினான். ரேஞ்சர் சொன்னதுபோலவே, ஓடைக்கு அப்பால் இன்னும் இரண்டு ஆட்டு மந்தைகள் வந்து நின்றிருந்தன. அவற்றை ஓட்டிவந்தவர்கள், உள்ளங்கையை நெற்றிக்குக் குடையாக வைத்து, மேலே இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.