பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் இரண்டு சீனிவாசலு

மகள் ஹர்ஷிணியை சரவணம்பட்டிக் கல்லூரியில் ஹாஸ்டலில் விடுவதா, பஸ்ஸிலேயே போய்வரச் சொல்வதா என்று பத்மாவதி கேட்டபோது, சீனிவாசலு வண்டியின் சீட்டைப் பழைய துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். இரவுத் தூறலில் சீட் நனைந்திருந்தது. “நீயே பாத்துச் சொல்லிரு,” என்று வீட்டுத் தெலுங்கில் சொன்னார். துண்டைக் கம்பியில் போட்டார், கேட்டைச் சாத்தினார், பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த தன் லேத் பட்டறைக்குப் போனார். பதினொன்றரை மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. வயது நாற்பத்தேழு.

‘நீயே பாத்துச் சொல்லிரு’ என்பது புதிதல்ல. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் அதிகம் கேட்ட சொல் அதுதான். நல்ல மனுஷன், அதில் சந்தேகம் கிடையாது. குடி, சீட்டு எதுவும் இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டிய இடம் வந்தால் மனுஷன் அங்கே இருந்தும் இல்லாதவர்தான். கல்யாணத்துக்காக அவள் பி.காம். படிப்பைப் பாதியில் நிறுத்தினாள். மிச்சப் பரீட்சையை எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு, அடுத்த வருஷம் விண்ணப்பத்தையும் வாங்கி வைத்தாள். “ஊட்டை யாரு பாக்கறது?” என்று மாமியார் கேட்டார். பத்மாவதி கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ரசத்தில் மிதந்த கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். கடைசித் தேதி போயிற்று. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர் படித்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அந்த வருஷம் நூறு வயது. தொண்ணூற்று நான்கில் பத்தாவது முடித்தவர்கள் சேர்ந்து பன்னிரண்டு பெஞ்சு டெஸ்க் செய்து கொடுக்கிறார்கள், அதை அவர் பெயரில் கொடுக்கப்போகிறார்கள், சுவரில் மாட்டும் பலகைக்கான வாசகத்தை அவள் ஒரு தடவை பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும் என்றார்கள்.

அவள் போனபோது மதிய உணவு நேரம். வேப்ப மரத்தடியில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் தன் முட்டையை இன்னொருத்தி தட்டில் வைத்துவிட்டு, “நாளைக்கு உன்றது எனக்கு, மறந்துபோட்டேன்னு மட்டும் சொல்லிப்பாரு,” என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். பையன்களைவிடப் பெண்கள்தான் அதிகம்.

ஆசிரியர் அறையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் பாலகோபால், ஹார்டுவேர் கடைக்காரர், அந்த வருஷத்துக் கூட்டாளிகளை இன்னும் கட்டி மேய்ப்பவர். இன்னொருவர் அன்புக்கரசி. அதே வகுப்பில் படித்து அதே பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக வந்தவர்.

“வாங்க தங்கச்சி, உக்காருங்க,” என்று பாலகோபால் நூற்றாண்டு மலரின் அச்சுப்படியை ஒதுக்கி இடம் கொடுத்தார். மேலே கிடந்த பக்கத்தை அவள் பார்த்தாள். 1926இல் ஒரு பஞ்சுக் கிட்டங்கியின் மூலையில் இருபத்தேழு பையன்களோடு பள்ளி தொடங்கியது, முதல் பெண் சேர ஒன்பது வருஷம் ஆனது, உயர்நிலைப் பள்ளியானது 1961இல் என்று போட்டிருந்தது.

அன்புக்கரசி பலகையின் வாசகத்தைப் படித்துக் காட்டினார். ‘படிப்பு நிறுத்தப்பட்ட சக மாணவியின் வீட்டுக்குச் சென்று, அவள் தந்தையிடம் பேசி, அவளை மீண்டும் பள்ளிக்கு வரவைத்த ஆர். சீனிவாசலு நினைவாக.’

பத்மாவதிக்கு முதலில் விளங்கவில்லை. “யாருங்க டீச்சர் அந்த மாணவி?”

“நான்தானுங்க. எங்கப்பா என்னைய மில்லு வேலைக்கு அனுப்பறதுன்னு நிறுத்திப்போட்டாரு. பதினோரு நாளு ஊட்டுலயே கெடந்தேன். ஒரு மத்தியானம் வாசல்ல ஒரு குரல். ‘நான் சீனிவாசலுங்க, பத்தாவது பி. அவ வராட்டி நாங்களும் பள்ளிக்கூடம் போறதில்லீங்க’ன்னு. எங்கப்பா கத்துன கத்துல மாடே மெரண்டுது. ஆனா அந்தக் குரல் அங்கயேதான் நின்னுது.”

பதினைந்து வயதில் இன்னொருவர் வீட்டு வாசலில் நின்று, கத்துகிற ஒரு அப்பனிடம் பெண்ணின் படிப்புக்காக வாதாடியவரா? அப்படியானால் அந்த ரசம் ஆறிக்கொண்டிருந்த மத்தியானம், தன் பெண்டாட்டியின் படிப்புக்கு மட்டும் ஏன் வாயில்லாமல் போயிற்று? பெருமைப்படுவதா, எழுந்து போய்விடுவதா என்று பத்மாவதிக்குத் தெரியவில்லை.

“அவர் எங்கிட்டச் சொன்னதே இல்லீங்க,” என்றாள்.

பாலகோபால் தொண்டையைச் செருமினார். “அதுலதான் ஒரு சின்னச் சிக்கல் தங்கச்சி. எங்க கிளாஸ்ல ரெண்டு சீனிவாசலு. ஆர். சீனிவாசலு உங்க ஊட்டுக்காரரு. கே. சீனிவாசலு இப்பத் திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கான். போனது கே.தான்னு எனக்கு ஒரு நெனப்பு.”

“நீ எல்லாத்தையும் மாத்திச் சொல்ற ஆளு,” என்றார் அன்புக்கரசி.

“அப்ப நீ சொல்லு. மூஞ்சியப் பாத்தியா?”

“கதவுக்குப் பின்னாடி நின்னவ எப்படிப் பாக்கறது? கிளாஸ்லயே பசங்க மூஞ்சிய நிமுந்து பாக்க மாட்டோம்.” அவர் பத்மாவதியின் பக்கம் திரும்பினார். “எப்பவும் நான் உங்க ஊட்டுக்காரர்னுதான் நெனச்சிருந்தேனுங்க. ஆறு வருஷத்துக்கு முந்தி ஒரு கூட்டத்துல நன்றி கூடச் சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னாருங்க?”

“சிரிச்சாரு. ‘அதெல்லாம் இப்ப எதுக்குங்க’ன்னாரு.”

பத்மாவதிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். ஆமாம் என்பதற்கும் அதே சிரிப்புதான், இல்லை என்பதற்கும் அதேதான்.

பாலகோபால் திருப்பூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே கே. சீனிவாசலு துக்கம் சொல்லிவிட்டு யோசித்தார்.

“போனம்டா. ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்லதான் போனோம். ஒருத்தன் சைக்கிளப் புடிச்சுட்டு ரோட்டுல நின்னான், ஒருத்தன் வாசலுக்குப் போனான். அது நல்லாத் தெரியுது.”

“வாசலுக்குப் போனது யாருடா?”

“அதாண்டா தெரியல. நான் போனேன்னு ஒரு நெனப்பு. அவன் போனான்னு ஒரு நெனப்பு.”

“ஏண்டா, அன்னிக்கு அந்த ஊட்டு வாசல்ல நாய் தொரத்துனது உன்னையத்தான?”

“என்னைய நாய் தெனமும் தொரத்தும். அத வெச்சு என்ன சொல்றது?” குரல் இறங்கியது. “அம்மணி, கேக்கறீங்களா? அவன்தான்னே எழுதச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சண்டைக்கு வாரதில்ல. போனவனுக்கு ஒரு பேரு கெடைக்கட்டும்.”

பாலகோபால் போனை வைத்தார். வெளியே பிள்ளைகள் தட்டுக் கழுவும் சத்தம். வாசலில் நின்றவரா, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவரா? யோசிக்க யோசிக்க அவளுக்கு இரண்டுமே பொருந்தின, இரண்டுமே பொருந்தவில்லை. சைக்கிளைப் பிடித்தவர் என்றால் அவளுக்குத் தெரிந்த மனுஷன்தான், பழையபடி கோபப்பட்டுக்கொள்ளலாம். வாசலில் நின்றவர் என்றால், தனக்கு வாய்த்தது அந்த மனுஷனில் மிச்சம்தானோ? அன்று அவருக்குக் கிடைத்த பதில் என்ன, அடி ஏதாவது விழுந்ததா, அதற்குப் பிறகுதான் வாயை மூடிக்கொண்டாரா? கேட்க ஆள் இல்லை.

“பழைய வருகைப் பதிவேடு இருக்குமுங்களா? அன்னிக்கு மத்தியானம் யாரு கிளாஸ்ல இல்லேன்னாவது தெரியுமே,” என்று கேட்டாள்.

மலர் வேலைக்காகப் பழைய காகிதங்களையெல்லாம் இறக்கித்தான் வைத்திருந்தார்கள். அன்புக்கரசி தேடி எடுத்து வந்த பதிவேட்டின் ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது, நடுப்பக்கங்கள் நன்றாக இருந்தன. வந்தவர்களுக்குக் காலையில் ஒரு சாய்கோடு, மதியத்தில் அதை வெட்டி இன்னொரு கோடு. வராதவர்களுக்குச் சிவப்பு ‘ஏ’. அன்புக்கரசியின் வரிசையில் சிவப்பு நீளமாக ஓடியது. அவர் திரும்பி வந்ததற்கு முந்தைய நாளில் இரண்டு சீனிவாசலுக்கும் காலைக் கோடு இருந்தது. மதியத்துக்கு அந்த வகுப்பில் யாருக்குமே கோடு இல்லை.

“வாத்தியார் அரை நாள் லீவு போட்டிருப்பாரு,” என்றார் பாலகோபால். “அதான் இவனுங்க கெளம்பிட்டானுங்க.”

பத்மாவதி வாசகத்தாளை எடுத்து இரண்டு தரம் படித்தாள். பிறகு பேனாவை வாங்கி ‘ஆர். சீனிவாசலு’ என்ற பெயரையும் ‘நினைவாக’ என்ற சொல்லையும் விட்டுவிட்டு மற்றதை அடித்தாள்.

“பேரு மட்டும் இருக்கட்டுங்க டீச்சர். தெரியாதத அவர் தலைல ஏத்த எனக்கு மனசு வரல.”

“நான் நன்றி சொல்ல வேண்டாமுங்களா?” அன்புக்கரசியின் கண் கலங்கியிருந்தது.

“சொல்லுங்க. யாருக்குன்னு தெரியாமத்தான் சொல்லோணும். நானும் அப்படித்தான இருக்கேன்.”

பதிவேட்டை மூடப் போன அன்புக்கரசி மூடாமல், தான் திரும்பி வந்த மறுநாளின் கட்டத்தில் விரலை வைத்துப் பத்மாவதி பக்கம் திருப்பினார். அடியில் வகுப்பாசிரியரின் சின்னக் கையெழுத்தும், அதற்கு மேலே நீல மையில் கணக்கும் இருந்தன. பதிவு 41. வருகை 41.